பாஸ்போர்ட் வரவில்லை, வில்லாப் பணம் கரைகிறது: எதை முதலில் பிடிப்பது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்து ஒன்றரை மாதம் ஆகிறது. இன்னும் 16 நாளில் பாலிக்குத் தேனிலவு. மனைவியிடம் 2029 வரை செல்லக்கூடிய பாஸ்போர்ட் இருந்திருக்கிறது. அதில் கணவர் பெயரும் மதுரை வீட்டு முகவரியும் ஏறிவிட்டால் நல்லது என்று ரீஇஷ்யூவுக்குக் கொடுத்தார்கள். கொடுத்து 24 நாள் ஆயிற்று. இணையத்தில் பார்த்தால் போலீஸ் வெரிஃபிகேஷன் நிலுவை என்றே நிற்கிறது. உபுத்தில் 5 இரவுக்கு எடுத்த வில்லாவுக்கு 1,10,000 ரூபாய் முழுதாகக் கட்டியாகிவிட்டது. 15 நாளுக்கு முன் ரத்து செய்தால் 20 சதவீதம் பிடித்தம், 14-ஆம் நாள் முதல் 8-ஆம் நாள் வரை பாதி, அதற்குப் பிறகு ஒரு பைசா வராது. டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் "ரீஃபண்ட் கிடையாது சார்" என்று முடித்துவிட்டார். பாஸ்போர்ட் எப்போது வரும், சட்டப்படி பணத்தை மீட்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இந்த இரண்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாளைக்குள் ரத்து செய்து 22,000-ஐ விட்டுவிடுவதா, பாஸ்போர்ட் வந்துவிடும் என்று நம்பி 1,10,000-ஐயும் பணயம் வைப்பதா? அதுதான் கேள்வி. நான் திருச்சியில் 22 வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன். வக்கீல் இல்லை, பாஸ்போர்ட் அலுவலகத்தில் வேலை பார்த்தவனும் இல்லை. உங்கள் வில்லா ஒப்பந்தத்தை நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதியதை வைத்துத்தான் பேசுகிறேன். என் யோசனை இதுதான்: இன்றைக்கு ரத்து செய்யாதீர்கள், சும்மா காத்திருக்கவும் செய்யாதீர்கள். இன்றே, இப்போதே, வில்லாக்காரரிடம் தேதி மாற்றம் கேளுங்கள். ஏன் என்பதைப் பாஸ்போர்ட்டிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும்.

முதலில் ஒரு மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். மனைவியின் பழைய பாஸ்போர்ட்டிலேயே போயிருக்கலாம். கணவர் பெயர் இல்லாத பாஸ்போர்ட்டோடு ஒரு பெண் தேனிலவு போக எந்தத் தடையும் இல்லை. கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட் கல்யாணத்தால் செல்லாமல் போவதில்லை. முகவரி பழையது என்பதும் குடியேற்ற அதிகாரிக்கு ஒரு பொருட்டே இல்லை. டிக்கெட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும், இந்தோனேசியாவில் இறங்கும் நாளிலிருந்து 6 மாதம் செல்லுபடி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் வீடுகளில் பெரியவர்கள் "கல்யாணம் ஆகிடுச்சு, முதல்ல பேரை மாத்துங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ரீஇஷ்யூவுக்குக் கொடுத்ததும் பழைய புத்தகத்தில் ரத்து முத்திரை விழுந்துவிடும். அதன் பிறகு அது நினைவுப் பொருள்தான். வருடத்துக்கு மூன்று நான்கு ஜோடியாவது இதே காரணத்தால் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். இதைப் படிக்கிற, இன்னும் விண்ணப்பிக்காத புதுத் தம்பதிகள் யாராவது இருந்தால், முதலில் போய்விட்டு வாருங்கள், பெயர் சேர்ப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. சாதாரண முறையில் கொடுத்த விண்ணப்பத்துக்குச் சுமார் 30 நாள் என்று கணக்குச் சொல்வார்கள். தத்காலில் கொடுத்திருந்தால் 1,500 ரூபாயோடு இன்னொரு 2,000 ஆகியிருக்கும், அதைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை. அந்த 30 நாள் என்பது வாக்குறுதி இல்லை, தாண்டினால் யாரும் உங்களுக்கு அபராதம் கட்டப் போவதும் இல்லை. அலுவலகத்துக்குள் நடக்கும் வேலை பெரும்பாலும் வேகமாகத்தான் நடக்கிறது. போலீஸ் அறிக்கை சாதகமாக வந்துவிட்டால் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் அதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்து, அச்சடித்து, ஸ்பீட் போஸ்ட்டில் போட மூன்று முதல் ஐந்து வேலை நாள், தபால் வந்து சேர ஒன்றிலிருந்து மூன்று நாள் என்பது நான் கண்ட நடைமுறை. இடையில் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை வந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, போலீஸ் அறிக்கை இந்த வாரத்துக்குள் போய்விட்டால் உங்கள் மனைவியின் கையில் பாஸ்போர்ட் பயணத்துக்கு மூன்று நான்கு நாள் முன்பாவது வர வாய்ப்பு இருக்கிறது. அடுத்த வாரமும் ஸ்டேஷனிலேயே கிடந்தால் வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அந்த ஒரு காகிதத்தில் தொங்குகிறது.

அந்தக் காகிதம் ஏன் நகரவில்லை? உங்கள் விஷயத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் புதுமணப்பெண் விண்ணப்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பது ஒன்று உண்டு. போன ஆவணியில் எங்கள் தெருவிலேயே பார்த்தேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். தனிப்பிரிவுக் காவலர் ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு எதிர்வீட்டு வாசலில் நின்றார். மாமியார் வெளியே வந்து, "மருமக மறுவீட்டுக்குப் போயிருக்கா, அடுத்த புதன்தான் வருவா" என்றார். காவலர் பக்கத்து வீட்டில் விசாரித்தார். பக்கத்து வீட்டு அம்மா ரொம்ப நேர்மையானவர்: "பொண்ண கல்யாணத்தன்னைக்குப் பார்த்ததுதான் சார், எங்களுக்கு அவ்வளவா பழக்கமில்லை." விண்ணப்பத்தில் இருந்த செல் நம்பருக்குக் கூப்பிட்டால் அது பெண்ணின் அப்பாவுடையது, அவர் தூத்துக்குடியில் இருந்துகொண்டு "இங்கேதான் சார் இருக்கா" என்கிறார். அந்தக் காவலர் நல்லவர், இன்னொரு நாள் வருகிறேன் என்று போனார். வேறொருவராக இருந்தால் "விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று எழுதி அனுப்பியிருப்பார், அதில் பொய்யும் இல்லை. அப்படி எழுதிவிட்டால் விஷயம் தாமதம் என்பதைத் தாண்டிவிடும். மண்டல அலுவலகம் விளக்கம் கேட்கும், திரும்பவும் விசாரணைக்கு அனுப்பும், தேனிலவு தீபாவளிக்குத் தள்ளிப்போகும்.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: நாளைக் காலை உங்கள் மனைவியோடு ஸ்டேஷனுக்கு நேரில் போங்கள். எந்த ஸ்டேஷன் என்பதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், எல்லை பிரித்து புது ஸ்டேஷன் வந்த பகுதிகளில் கோப்பு பழைய ஸ்டேஷனுக்குப் போய்க் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். மாநகரமாக இருந்தால் கமிஷனர் அலுவலகத்திலிருந்தும், மாவட்டமாக இருந்தால் எஸ்பி அலுவலகத்திலிருந்தும் ஸ்டேஷனுக்கு இறங்கியதா என்று முதலில் கேளுங்கள். கோப்பு எண், ஆதார், திருமணப் பதிவுச் சான்றிதழ், வீட்டுக்கான ஆதாரம், இரண்டு புகைப்படம், உங்களை நன்றாகத் தெரிந்த இரண்டு அக்கம்பக்கத்தாரின் பெயரும் செல் நம்பரும் கையில் இருக்கட்டும். அந்த இரண்டு பேருக்கும் முன்கூட்டியே உங்கள் மனைவியை அறிமுகம் செய்து வையுங்கள், சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன். திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் அதையும் இப்போதே செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம், 90 நாளுக்குள் என்று கணக்கு.

விசாரணைக்கு வருபவர் கையில் காசு கொடுப்பதைப் பற்றி யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். விசாரணைக்கு நீங்கள் தனியாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. நீங்கள் கட்டிய கட்டணத்திலேயே அது அடங்கியிருக்கிறது. விண்ணப்பதாரர் நேரில் வந்து எதிரில் நிற்கிறார், காகிதமெல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றால் பெரும்பாலான இடங்களில் அன்றே கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். காவலர்களுக்கென்று கைப்பேசிச் செயலி வந்த பிறகு இது இன்னும் எளிதாகியிருக்கிறது.

போலீஸ் அறிக்கை போய்விட்டது, ஆனால் மண்டல அலுவலகத்தில் பரிசீலனையில் என்று காட்டினால், பாஸ்போர்ட் சேவா தளத்திலேயே மண்டல அலுவலக விசாரணைக்கு நேரம் வாங்கிக்கொண்டு போகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று நான்கு மண்டல அலுவலகம். உங்களுக்கு மதுரை, அலைச்சல் இல்லை. டிக்கெட் நகலை எடுத்துப் போங்கள். அவசரத்தை மதித்து முன்னால் எடுத்துக் கொடுப்பது அதிகாரியின் விருப்பம்தான், உரிமையாகக் கேட்க முடியாது. உயிருக்குப் போராடும் உறவினரைப் பார்க்கப் போகிறவருக்குக் காட்டும் அவசரத்தைத் தேனிலவுக்குக் காட்டுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் போலீஸ் அறிக்கை வந்து சேர்ந்துவிட்ட கோப்பு என்றால் நேரில் கேட்டவர்களுக்கு நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தொலைபேசி உதவி எண் 1800-258-1800, அதில் நிலை என்ன என்று மட்டும் தெரியும், வேகம் வராது.

இப்போது வில்லா. ரத்துக் கட்டணம் என்பது படிக்கட்டு மாதிரி. நீங்கள் நிற்கும் படி நாளையோடு முடிகிறது. இங்கே பலர் கோட்டை விடும் சின்ன விஷயம் ஒன்று: பாலி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே இரவு ஒன்பதரை. "நாளைக்குள்" என்றால் உங்கள் கடிகாரப்படி நாளை இரவு ஒன்பதரைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, 15 நாள் என்பதை அவர்கள் செக்-இன் நாளிலிருந்து எண்ணுகிறார்களா, செக்-இன் நேரத்திலிருந்து எண்ணுகிறார்களா என்று உறுதிச் சீட்டில் பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குச் செக்-இன் என்றால் சில ஒப்பந்தங்களில் படி மாறுவதும் இரண்டு மணிக்குத்தான்.

வில்லாக்காரருக்கு எழுதும் போது கதை வேண்டாம். பாஸ்போர்ட் அலுவலகம் தாமதம், போலீஸ் வரவில்லை, மாமனார் கோபம் என்றெல்லாம் எழுதினால் அவர் படிக்கவே மாட்டார். மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, ஆறு வாரம் தள்ளி அதே 5 இரவு தர முடியுமா, வாடகை வித்தியாசம் இருந்தால் கட்டுகிறோம். இரண்டு, அது முடியாதென்றால் நாங்கள் ரத்து செய்த பிறகு அந்த நாள்களை வேறு யாருக்காவது விட்டால் பிடித்த பணத்தைத் திருப்பித் தருவீர்களா. மூன்று, யோசித்துப் பதில் சொல்ல நாள் வேண்டுமென்றால், இன்று நாங்கள் கேட்ட தேதியை வைத்தே 20 சதவீதப் படியில் கணக்கிடுவீர்களா. இந்த மூன்றாவதைப் பெரும்பாலானவர்கள் கேட்பதே இல்லை. வில்லாக்காரர் மூன்று நாள் கழித்து "முடியாது" என்று பதில் போடுவார், அதற்குள் படி இறங்கியிருக்கும், பாதிப் பணம் போயிருக்கும். எதுவானாலும் முன்பதிவு செய்த தளத்தின் செய்திப் பெட்டியிலேயே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் "ஓகே ஓகே, நோ பிராப்ளம்" என்று அவர் சொன்னதை நாளைக்குத் தளம் ஏற்காது.

தேதி மாற்றத்துக்கு ஏன் ஒப்புக்கொள்வார் என்று கேட்கலாம். அவருக்கு ரத்து என்றால் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், தளத்தோடு கணக்குப் பார்க்க வேண்டும். தேதி மாற்றம் என்றால் பணம் அவர் கையிலேயே இருக்கும். பாலியில் ஜூலை, ஆகஸ்ட், கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்கள் தவிர மற்ற காலங்களில் வில்லா காலியாகக் கிடப்பது சாதாரணம். நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம், அதற்குள் தள்ளினால் இன்னும் எளிதாக ஒப்புக்கொள்வார், ஆனால் நீங்கள் வில்லாவுக்குள்ளேயே உட்கார்ந்து மழை பார்க்க வேண்டியிருக்கும். புதுத் தம்பதிக்கு அது ஒன்றும் பெரிய குறையில்லை. ஒரே ஒரு கண்ணி இருக்கிறது: தேதி மாற்றிய பிறகு சிலர் அந்த முன்பதிவையே "ரீஃபண்ட் கிடையாது" என்று ஆக்கிவிடுவார்கள். மாற்றிய பின் ரத்து விதி புதுத் தேதியிலிருந்து எண்ணப்படுமா, இல்லை பழைய தேதியே நிற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு சம்மதம் சொல்லுங்கள்.

நாளை இரவு ஒன்பது மணி வரை வில்லாவிடமிருந்து பதிலே வரவில்லை என்றால்? இங்கே உறுதி என்று எதுவும் இல்லை, என் கணிப்பைத்தான் சொல்ல முடியும். ஸ்டேஷனில் நாளைக் காலை கையெழுத்து ஆகி அறிக்கை போய்விட்டது என்றால் நான் ரத்து செய்ய மாட்டேன், ஒன்பது பத்து நாளில் புத்தகம் வந்துவிடும் என்று துணிவேன். ஸ்டேஷனில் கோப்பே இல்லை, இன்னும் மேலிருந்து வரவில்லை என்றால் 22,000-ஐ விட்டுவிட்டு ரத்து செய்துவிடுவேன். 88,000 கையில் நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டு "பார்க்கலாம் பார்க்கலாம்" என்று ஏழாவது நாள் வரை போனவர்கள்தான் முழுதாக இழந்தவர்கள்.

டிக்கெட்டுக்கு வருவோம். "ரீஃபண்ட் கிடையாது" என்று உங்கள் ஏஜென்ட் சொன்னது பாதி உண்மை. அடிப்படைக் கட்டணம் போகலாம். ஆனால் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதிப்படி ரத்துக் கட்டணம் என்பது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது, விமான நிலையக் கட்டணங்களையும் வரிகளையும் பயணம் செய்யாதவருக்குத் திருப்பித் தர வேண்டும். சலுகை விலை டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். டிக்கெட் பணம் எதெதற்கு எவ்வளவு என்ற விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் ஒய்.க்யூ. என்று இருப்பது வரி மாதிரித் தெரியும், ஆனால் அது விமான நிறுவனத்தின் கூடுதல் கட்டணம், வராது. மற்றவை வரும். வெளிநாட்டு விமான நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதிப்படி திருப்புவார்கள், அங்கே கொஞ்சம் இழுபறி இருக்கும். ஏஜென்டிடம் விமான நிறுவனத்தின் ரத்து ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் தொழிலில் விமானக்காரர் பிடித்தது 6,000, வாடிக்கையாளரிடம் சொன்னது 9,000 என்று நடப்பதுண்டு. ஏஜென்டின் சேவைக் கட்டணம் நியாயம், ஆனால் அது ரசீதில் தனியாகத் தெரிய வேண்டும். ரத்து செய்வதைவிட டிக்கெட்டிலும் தேதி மாற்றம் பல சமயம் மலிவு. வில்லா தேதி உறுதியாகும் முன் டிக்கெட்டைத் தொடாதீர்கள். சிங்கப்பூர் வழியாக இரண்டு தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள், முதல் விமானத்தை மட்டும் மாற்றி இரண்டாவதை மறந்தவர்கள் உண்டு.

பெயர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உள்ள தலைவலி இது. பழைய பாஸ்போர்ட்டில் உங்கள் மனைவியின் பெயரோடு அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருந்து, டிக்கெட்டும் அப்படியே போட்டிருப்பீர்கள். ரீஇஷ்யூவில் கணவர் பெயர் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பினீர்களா, இல்லை குடும்பப் பெயரையே உங்கள் பெயராக மாற்றினீர்களா? முதலாவது என்றால் பிரச்சினை இல்லை, டிக்கெட் செல்லும். இரண்டாவது என்றால் புது பாஸ்போர்ட் வந்தாலும் டிக்கெட்டில் பெயர் வேறு, கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். விண்ணப்ப ரசீதை எடுத்து இன்றே பாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக, ஒற்றைப் பெயரில் வரப்போகிறது என்றால் டிக்கெட்டில் அதை எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் ஒரு மாதிரி. பாலிக்கு இது சமாளிக்கக்கூடியது. துபாயாக இருந்தால் ஒற்றைப் பெயர்ச் சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 நவம்பரிலிருந்து கதவை மூடிவிட்டார்கள்.

பாலியைத் தேர்ந்தெடுத்ததில் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. விசாவை அங்கே இறங்கியே வாங்கலாம், 5,00,000 ரூபியா. நம்மூர்க் காசுக்கு 3,000-ஐ ஒட்டி வரும், ஐந்து லட்சம் என்றதும் பயந்துவிட வேண்டாம். அதனால் பாஸ்போர்ட் புறப்படும் முந்தின நாள் வந்தாலும் போக முடியும். இதுவே ஐரோப்பா என்றால் பாஸ்போர்ட் வந்த பிறகு விரல் ரேகை, நேர்காணல், இரண்டு மூன்று வாரம் என்று இந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

சட்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். உறுதியாகச் சொல்ல முடிந்தது: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு அபராதம் எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு மட்டுமே கிடைக்கும் என்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், இழப்புக்குப் பொருந்தாத அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தை நியாயமற்றது என்று சொல்கிறது, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கவும் விடுகிறது. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையம் நடுவில் நின்று பேசும், இதற்குச் செலவில்லை. சந்தேகமானது: உபுத்தில் இருக்கும் வில்லா உரிமையாளரை மதுரை நுகர்வோர் ஆணையத்தின் முன் நிறுத்துவது. உத்தரவு வாங்கினாலும் அதை அங்கே நிறைவேற்றுவது பெரும்பாடு. வாங்கும் போதே படிப்படியாகப் பிடிப்போம் என்று காட்டி, நீங்களும் சம்மதித்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள் என்பதும் உங்களுக்கு எதிரானது. இந்திய ஏஜென்டிடம் உங்கள் பணம் மாட்டியிருந்தால் மட்டும் இந்த வழியை நான் சொல்வேன். கார்டு நிறுவனத்திடம் சொல்லிப் பணத்தைத் திருப்பலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வில்லா தயாராக இருக்கிறது, போகாதது நாம், அதனால் அது நிற்காது. பாஸ்போர்ட் அலுவலகத்திடமிருந்து நஷ்டஈடு வாங்கிவிடலாம் என்ற எண்ணத்தில் ஒரு நாளைக் கூடச் செலவழிக்காதீர்கள்.

பயண இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் பாலிசியைப் படியுங்கள், ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம். பயண ரத்துக்கான காரணங்களாக அவர்கள் ஏற்பது நோய், நெருங்கிய உறவினர் மரணம், இயற்கைச் சீற்றம் போன்றவை. பாஸ்போர்ட் தொலைந்தால் என்று ஒரு வரி இருக்கும், அது பயணத்தின் போது தொலைப்பவருக்கு, வராதவருக்கு இல்லை. பாலிசி தொடங்கும் நாளுக்கு முன் சொன்னால் தேதியை மாற்றித் தருவார்கள், அதை மறக்காமல் செய்யுங்கள். அப்புறம், ஏஜென்ட் இதை வெளிநாட்டு டூர் பேக்கேஜாகப் போட்டு டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருந்தால் அது போன பணம் இல்லை. உங்கள் பான் எண்ணில் வரியாக வரவு வைக்கப்பட்டிருக்கும், கணக்குத் தாக்கல் செய்யும் போது திரும்பும்.

எல்லாம் கைமீறி, லீவு மட்டும் மிச்சமிருக்கிறது என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் போகக்கூடிய ஊர்கள் இருக்கின்றன. பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் வாக்காளர் அட்டை போதும், ஆதார் செல்லாது, அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பூட்டானில் நம்மவர்களுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 1,200 ரூபாய் தனிக் கட்டணம் உண்டு. மனைவிக்கு வாக்காளர் அட்டை இல்லையென்றால் அந்தமான். சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேர விமானம், அப்புறம் படகில் ஹேவ்லாக். இப்போது ஸ்வராஜ் தீவு என்று பெயர். என்னைக் கேட்டால் உபுத்தின் நீச்சல் குள வில்லாவைவிட அந்தக் கடற்கரை ஒரு படி மேல், ஆனால் பாலி என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இது என் அலுவலகத்தில் நடந்தது, தவறும் எங்களுடையதுதான். ஒரு ஜோடிக்குப் பாஸ்போர்ட் அனுப்பியாயிற்று என்று செய்தி வந்தது. விமானத்துக்கு இன்னும் மூன்று நாள். எல்லோரும் நிம்மதியாகக் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டார்கள். தபால்காரர் வந்தார், வீடு பூட்டியிருந்தது. மறுநாளும் வந்தார். அந்த ஸ்பீட் போஸ்ட் எண் என் மேஜையில் ஒரு துண்டுச் சீட்டில் இருந்தது, நான் பார்க்கவில்லை. விமானம் புறப்பட்ட அன்று மாலைதான் பாஸ்போர்ட் வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் தபால் அலுவலகத்திலேயே இருக்கிறது என்று தெரிந்தது. அனுப்பியதாகச் செய்தி வந்ததும் அந்த எண்ணை இணையத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் பகுதிக்குப் பட்டுவாடா செய்யும் அலுவலகத்துக்கு வந்துவிட்டது என்று காட்டிய காலையிலேயே மனைவி அசல் ஆதாரோடு அங்கே போய் வாங்கிக்கொள்ளட்டும். தபால்காரர் வெளியே கிளம்புவதற்கு முன், ஒன்பது மணிக்கெல்லாம் போய்விடுவது நல்லது.